வீட்டுப் பழைய நகை கைக்கு வந்ததும்: படமெடுப்பது முதல் அடுத்தவரிடம் ஒப்படைப்பது வரை முழுமையான வழிகாட்டி

பாட்டியின் அட்டிகையோ அம்மாவின் வைரத்தோடோ கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் அதைக் கழுவுவது. அடுத்தது, தெரிந்த கடையில் கொடுத்து மெருகு போடச் சொல்வது. பழைய நகைக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டிலும்தான் வருகிறது. அதுவும் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவசரத்தில்.

உறவுக்காரர்கள் பலருக்கு இந்த வேலையைக் கூட உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். வரிசை மாறும் இடத்தில்தான் நகை கெடுகிறது. முதலில் பதிவு, அப்புறம் அடையாளம் காண்பது, அப்புறம் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது. தண்ணீர் அதற்கும் பிறகுதான்.

கெம்பு அட்டிகை, காசுமாலை, மேற்கையில் போடும் வங்கி, ஒட்டியாணம், ஏழுகல் தோடு, மூக்கில் போடும் பேசரி, பாம்படம், முத்துமாலை, வெள்ளிக் கொலுசு என்று தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் நகைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். விற்கப் போகிறவர்களுக்கு இது உதவாது. வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு உதவும்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

விளிம்பு உள்ள ஒரு தட்டு, அதில் விரிக்கப் பழைய வெள்ளை வேட்டித் துணி. கல் கழன்று விழுந்தால் உருண்டு ஓடாது, வெள்ளையில் கண்ணுக்கும் படும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. ஒரு ஸ்கேல், போன், ஜிப் வைத்த சிறு பைகள், பென்சில், ஒரு நோட்டு. மிக மென்மையான இரண்டு பிரஷ்கள்: ஒன்று என்றைக்கும் ஈரம் படாதது, இன்னொன்று சோப்புத் தண்ணீருக்கு. குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷ் இதற்குப் போதும்.

பற்பசை, எலுமிச்சை, புளி, பித்தளை தேய்க்கும் பொடி, பிளீச்சிங் கலந்த எதுவும் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது.

1. கழுவாமல், இருக்கிற கோலத்திலேயே படம் எடுங்கள்

நகை வந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி இந்தப் படம்தான். நாளைக்கு ஒரு கல் காணாமல் போனால், அது முன்பே இல்லையா, பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் போனதா என்று இதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஜன்னல் ஓரம், காலை வெளிச்சம், பிளாஷ் இல்லாமல். பிளாஷ் போட்டால் கல்லுக்கு அடியில் இருக்கும் தகடு பளிச்சென்று அடித்து, கல்லின் நிறமே படத்தில் வராது. பக்கத்தில் ஸ்கேலை வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, கொக்கி, திருகு எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் பத்து விதமாக எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பழைய நகையில் விஷயம் இருப்பது பின்பக்கத்தில். தகட்டில் வெட்டிய பூவேலை, செய்தவர் போட்ட எழுத்து, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த வளையம் பிற்காலத்தில் மாற்றியது எல்லாம் அங்கேதான் தெரியும்.

கற்களை எண்ணி எழுதுங்கள். ‘அட்டிகை, மேல்வரிசை இத்தனை, கீழ்வரிசை இத்தனை, இடமிருந்து ஐந்தாவது இல்லை’ என்கிற அளவுக்கு விவரம் வேண்டும். ‘சில கற்கள் இல்லை’ என்று எழுதுவது எதற்கும் பயன்படாது.

நகை வந்த டப்பா, சுற்றியிருந்த துணி, உள்ளே மடித்து வைத்த சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடைப் பெயர் அச்சிட்ட பழைய டப்பா ஒன்றே நகை எந்த ஊரில் வாங்கியது என்று சொல்லிவிடும். அவற்றையும் படம் எடுங்கள்.

2. கதையை விசாரித்து எழுதுங்கள்

பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது இது. மற்ற எல்லா வேலையும் அடுத்த வருஷம் வரை காத்திருக்கும், இது காத்திருக்காது.

‘இந்த நகையைப் பத்திச் சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அது ரொம்பப் பழசும்மா’ என்பதோடு முடிந்துவிடும். நகையைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். யார் கல்யாணத்துக்குச் செய்தது? செய்த பத்தர் வீட்டுக்கு வந்து செய்தாரா, கடையில் வாங்கியதா? அடகு போனதுண்டா? எதை அழித்து இதைச் செய்தார்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு அத்தை பேசரியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது உங்க கொள்ளுப்பாட்டியோடது இல்லடி. அவங்களுது ஜோடி லோலாக்கு. அதை அழிச்சுத்தான் இதுவும் உங்கம்மா வளையலும் பண்ணினது.” பேசரியின் வயது ஒரு தலைமுறை குறைந்தது. ஆனால் பொன் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. இரண்டையுமே எழுதி வைக்க வேண்டும்.

அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். நோட்டில் எழுதும்போது யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதையும் சேருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

அப்புறம் காகிதங்கள். சீர்வரிசைப் பட்டியல், கல்யாணச் செலவு நோட்டு, அடகு ரசீது, பழைய பில். பட்டியலில் ‘கல் அட்டிகை 1’ என்று ஒரு வரி கிடைத்தால்கூட காலம் பிடிபட்டுவிடும்.

கல்யாணப் படங்களில் நகையைத் தேடிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்கு இரவல் நகை பூட்டுவது சாதாரணம். படத்தில் பாட்டி கழுத்தில் இருப்பதாலேயே அது பாட்டியுடையது ஆகிவிடாது.

3. எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள்

தோடு, மாலை, வளையல் என்று பிரிப்பது பராமரிப்புக்கு உதவாது. எந்த நகைக்குத் தண்ணீர் ஆகும், எதற்கு ஆகாது என்பதைக் கட்டுமானம்தான் முடிவு செய்கிறது. நான் ஐந்து தட்டுகளாகப் பிரிப்பேன்.

முதல் தட்டில் கல் இல்லாத கெட்டிப் பொன். இரண்டாவதில் பின்பக்கம் திறந்த கல் நகை: திருப்பினால் கல்லின் அடி தெரியும், வெளிச்சம் ஊடுருவும். கல் பதித்த அமைப்பைக் கட்டடம் என்பார்கள், இது திறந்த கட்டடம். மூன்றாவது, பின்பக்கம் மூடிய கல் நகை, அதாவது மூடிய கட்டடம். கல்லின் அடியில் மின்னும் மெல்லிய தகடு, அதற்கு அடியில் அரக்கு, பின்னால் பொன் தகடு என்று அமைந்தது. பழைய கெம்பு அட்டிகை, தலையில் வைக்கும் ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை பெரும்பாலும் இந்த வகை. நான்காவதில் கோர்த்தவை: முத்து, பவழம். ஐந்தாவதில் வெள்ளியும், வெள்ளி மேல் பொன் ஏற்றியதும்.

பாம்படம், தண்டட்டி போன்ற பருத்த காதணிகளைக் கெட்டிப் பொன் தட்டில் போட்டுவிடாதீர்கள். பார்க்கக் கட்டியாக இருந்தாலும் பல ஜோடிகள் மெல்லிய பொன் தகட்டுக்குள் அரக்கு அடைத்தவை. அளவுக்குத் தகுந்த கனம் கையில் இல்லை என்றால் உள்ளே அடைப்பு என்று வைத்துக்கொண்டு, அவற்றை மூன்றாவது தட்டில் சேருங்கள்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் வெள்ளியில் கட்டி மேலே பொன் ரேக்கு (மிக மெல்லிய தகடு) ஒட்டும் முறை உண்டு. வீட்டில் யாராவது பரதம் ஆடியிருந்தால் அந்த செட் இந்த வகையாக இருக்கலாம். தேய்த்தால் பொன் போய் வெள்ளி எட்டிப் பார்க்கும். அதனால் ஐந்தாவது தட்டு.

கற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய நகையில் இருக்கும் சிவப்புக் கல் எல்லாம் பூமியில் எடுத்த கெம்பு என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸைச் சேர்ந்த வெர்னய் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை 1902-இலேயே வெளியிட்டுவிட்டார், சீக்கிரமே அது சந்தைக்கும் வந்துவிட்டது. நூறு வருஷ நகையில் செயற்கைக் கல் இருப்பது அதிசயம் இல்லை, ஏமாற்றும் இல்லை. லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கைக் கெம்பு. உருண்டைக் குமிழிகளோடு விளிம்பும் தேய்ந்திருந்தால் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவாகத் தெரிய வேண்டுமானால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

4. எடையும் மாற்றும் (தங்கத்தின் தூய்மை)

ஒவ்வொரு நகையையும் தனியாக எடை போட்டு எழுதுங்கள். கல் நகைக்கு ‘மொத்த எடை, கல்லும் அரக்கும் சேர்த்து’ என்று குறிப்பிடுங்கள். இது விட்டுப்போனால், பிற்பாடு யாரோ அதை எட்டால் வகுத்து இத்தனை பவுன் என்று கணக்குப் போட்டு, குடும்பத்தில் தேவையில்லாத பேச்சு கிளம்பும்.

காசுமாலையில் இரண்டு வகை உண்டு. அசல் சவரன் காசு 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டர். லட்சுமி உருவம் அடித்த மெல்லிய தகட்டுக் காசுகள் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஹால்மார்க் இல்லை என்று பதற வேண்டாம். இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் தொடங்கியதே 2000-இல். ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீடு வந்தது 2021-இல். 2000-க்கு முந்திய நகையில் இரண்டும் இருக்காது. 1963-இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்து சில வருஷம் இருந்தது. அந்தக் காலத்து நகை மாற்று குறைவாகக் காட்டினால் பத்தரைத் திட்டாதீர்கள்.

மாற்று தெரிய வேண்டுமானால், இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். எக்ஸ்-கதிர் முறையைக் கேளுங்கள், நகைக்குச் சேதம் இல்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் வைத்தால் குறைவாகவும், பூச்சு உள்ள இடத்தில் வைத்தால் கூடுதலாகவும் காட்டும். முகப்பு, பின்தகடு, கொக்கி என்று மூன்று இடத்திலாவது பார்க்கச் சொல்லுங்கள். வெட்டியோ சுரண்டியோ எடுத்து உருக்கிப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதிக்காதீர்கள். விற்கப்போகாத நகைக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை.

5. தண்ணீருக்கு முன் பழுது இருக்கிறதா என்று பாருங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. ஆடிக்கொண்டிருக்கும் கல்லைப் பல வருஷத்து அழுக்குதான் பிடித்து வைத்திருக்கும். கழுவியதும் அழுக்கு போகும், கூடவே கல்லும் போகும். அதனால்தான் இந்தப் படி சுத்தம் செய்வதற்கு முன்னால் வருகிறது.

நகையைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கலகல என்றால் ஏதோ ஒரு கல் தளர்ந்திருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியைக் கல் பிடித்திருக்கும் இடங்களில் லேசாக ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டினால் அங்கே பிடி தூக்கியிருக்கிறது.

தோட்டுத் திருகை முழுக்கக் கழற்றி மரையைப் பாருங்கள். தேய்ந்த மரை இரண்டு சுற்றிலேயே வழுக்கும். மாலைகளில் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடம் நூல் போல மெலிந்திருக்கும். ஒட்டியாணத்தில் பார்க்க வேண்டியது கீலும் கொண்டியும். முத்துமாலையில் முத்துகளுக்கு நடுவே நூல் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது.

பழுது கண்ட நகையைத் தனிப் பையில் போட்டு, சீட்டு எழுதி ஒதுக்குங்கள். அது இந்தச் சுற்றில் கழுவப் போவதில்லை.

6. சுத்தம்: தட்டுக்கு ஒரு முறை

கெட்டிப் பொன்னுக்கும் திறந்த கட்டட வைரத்துக்கும்: ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், நாலைந்து சொட்டு மிதமான திரவ சோப்பு. பூந்திக்கொட்டையை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரும் நல்லது. பத்து நிமிஷம் ஊறட்டும். மென் பிரஷால் பின்பக்கத்தை நீவிவிடுங்கள். இன்னொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் அலச வேண்டாம், திருகு சாக்கடைக்குப் போனால் வராது. ஒற்றித் துடைத்து, ஒரு இரவு முழுக்கத் துணி மேல் காயட்டும்.

வைரம் மங்கினால் பயப்படாதீர்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டும். தினமும் போடும் தோடு, மூக்குத்தியின் அடியில் எண்ணெயும் பவுடரும் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். அடியைச் சுத்தம் செய்தாலே பழைய ஒளி வந்துவிடும்.

மூடிய கட்டடம் என்றால் தண்ணீர் கூடவே கூடாது. உலர்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள். பொன் பகுதியை மட்டும், பிழிந்து ஏறக்குறையக் காய்ந்த துணியால் துடையுங்கள். அவ்வளவுதான். தண்ணீர் ஓரத்தில் இறங்கினால் அடித்தகடு கறுத்துவிடும். சிவப்பு வரிசையில் ஒரு கல் மட்டும் காய்ந்த ரத்தம் போல இருண்டு கிடந்தால், எப்போதோ அங்கே ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய அந்தக் கல்லைப் பிரித்து, தகடு மாற்றி, மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் இப்போது குறைவு. கடைகளில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டும் இந்த நகைக்கு எமன். அரக்கு இளகும், கல் உதிரும்.

மரகதத்துக்கும் அந்தத் தொட்டி ஆகாது. பெரும்பாலான மரகதங்களின் உள்வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூடும் அதிர்வும் அதை வெளியேற்றிவிட்டால் வெடிப்பு பளிச்சென்று தெரியும்.

முத்தும் பவழமும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேல்தோல் கரையும், அந்தப் பளபளப்பு திரும்பாது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். ஈரமாகத் தொங்கவிட்டால் நூல் நீளும். வியர்வையும் செண்ட்டும் இதே காரணத்துக்காக ஆகாது. அலங்காரம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக முத்தைப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும்.

வெள்ளியில் படியும் கருமை சில்வர் சல்பைடு. வழவழப்பான கொலுசை மென்துணியால் துடைத்தால் போதும். பூவேலையின் பள்ளங்களில் இருக்கும் கருமையைத் தேய்த்து எடுக்க வேண்டாம். வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிவதே அந்த நிழலால்தான்.

திருமாங்கல்யத்தில் படிந்த மஞ்சளும் குங்குமமும் வேறு விஷயம். பாட்டி வாழ்நாளெல்லாம் பூசிய மஞ்சள் அது. நான் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் ஊறவைத்து நீவுங்கள். ஊசியால் கிளறாதீர்கள்.

வீட்டு வாசலில் வந்து ‘நகை பாலிஷ்’ என்று கேட்பவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள். அவர்கள் கிண்ணத்தில் இருப்பது ராஜதிராவகமாக இருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த அந்தக் கரைசல் தங்கத்தைக் கரைக்கும். நகை பளபளவென்று திரும்பி வரும், எடை குறைந்திருக்கும். கடையில் மெருகு போட்டாலும் அளவு சிறிதானாலும் பொன் போகத்தான் செய்யும், பின்தகட்டில் இருக்கும் எழுத்தும் மழுங்கும். பழைய நகைக்கு மெருகு வேண்டாம்.

7. பழுதுபார்க்கக் கொடுப்பது

எதைச் சரிசெய்வது, எதை விடுவது என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். கொக்கி, தேய்ந்த வளையம், திருகு, நூல், ஆடும் கல் இவற்றை உடனே பார்க்க வேண்டும், விட்டால் நகையே தொலையும். பாம்படத்தின் சொட்டை, தேய்ந்த பூவேலை, நிறம் மாறிய ஒட்டு இவற்றைத் தொட வேண்டாம்.

எங்கள் சொந்தத்தில் ஓர் அட்டிகையில், ஆழ்ந்த சிவப்புக் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. பின்பக்கத் தகட்டிலும் அந்த இடத்தில் மட்டும் கையால் அழுத்திய தடம். நலங்கின்போது கல் விழுந்து, தேடிக் கிடைக்காமல், மறுநாள் விடியற்காலையில் ஊர்ப் பத்தர் கையிலிருந்த கல்லை வைத்துக் கட்டிக்கொடுத்தது என்று பெரியம்மா சொன்னார். அதை மாற்றி ஒரே நிறமாக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். மாற்றவில்லை. அந்த அட்டிகையை எத்தனை அட்டிகை நடுவிலும் அடையாளம் காட்டுவது அந்தக் கல்தான்.

ஆசாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி: “அரக்கு வைத்த பழைய கட்டடம் செய்ததுண்டா?” ஒட்டுப் போடப் பொடி வைத்து ஊதும் சூட்டில் அரக்கு உருகிவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும், அல்லது சூடு பரவாத லேசர் முறையில் ஒட்ட வேண்டும். இதைத் தானாகச் சொல்கிறவரிடம் நகையைத் தரலாம்.

கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எடை, கல் எண்ணிக்கை, செய்ய வேண்டிய வேலை, ‘மெருகு வேண்டாம்’, ‘கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’. திரும்ப வாங்கும்போது அங்கேயே எடை போட்டு, லென்ஸில் கல்லை எண்ணி, படத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல ஆசாரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் இது பாதுகாப்புத்தான்.

அளவு பத்தவில்லை என்றால் வெட்டி ஒட்டுவதற்கு முன் வேறு வழி பாருங்கள். அட்டிகைக்குப் பின்னால் பட்டுக் கயிறோ தனிச் சங்கிலியோ மாட்டினால் யார் கழுத்துக்கும் பொருந்தும். பாம்படம் போட இன்று வளர்த்த காது இல்லை. அதன் வளையத்தில் கழற்றக்கூடிய ஒரு கொக்கி மாட்டிப் பதக்கமாகப் போடலாம். பிறகு கழற்றினால் பாம்படம் பாம்படமாகவே இருக்கும்.

அழித்துப் புதிதாகச் செய்யலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். கூடாது என்பதுதான் என் கருத்து, கணக்கும் அதையே சொல்லும். ஒட்டுப் பொடி அதிகம் சேர்ந்த பழைய நகையை உருக்கினால் மாற்று குறையும். அரக்கும் கல்லும் எடையில் கழியும். புது நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் மறுபடி கொடுக்க வேண்டும். மூடிய கட்டடத்தைப் பிரித்தால் கெம்பில் பாதி அடுத்த நகைக்கு உதவாது. இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு மாலை.

8. எடுத்து வைப்பது

ஒரு பைக்கு ஒரு நகை. வைரம் பொன்னையும் கெம்பையும் கீறும். வைரமும் கெம்பும் முத்தைக் கீறும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுவதுதான் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

கஞ்சி போக நன்றாகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். நகைக்கடை ரோஸ் காகிதம் ஈரம் பட்டால் சாயம் விடும். பஞ்சு, கல்லின் பிடிகளில் சிக்கி இழுக்கும். செய்தித்தாளும் ரப்பர் பேண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

வெள்ளியும் பொன்னும் இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். முத்து இருக்கும் பெட்டியில் போடாதீர்கள், முத்து அதிகம் காய்ந்தால் வெடிக்கும். முத்தைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வைப்பதும் வேண்டாம். அட்டிகையை மடிக்காமல் அதன் வளைவிலேயே படுக்க வையுங்கள். மடிந்தபடி கிடந்தால் வருஷக்கணக்கில் ஒரே கீல் பாரம் தாங்கி விட்டுப்போகும்.

9. லாக்கர், காப்பீடு, கணக்கு

லாக்கரில் வைத்தால் வங்கி முழுப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 4,000 ரூபாய் என்றால் 4 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. உள்ளே இருப்பதை வங்கி காப்பீடு செய்வதில்லை, அதை நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். காப்பீட்டுக்கு மதிப்பீட்டாளர் சான்று கேட்பார்கள். முதல் படியில் எடுத்த படங்கள் இங்கே கைகொடுக்கும்.

ஏழு வருஷம் திறக்காமல் விட்ட லாக்கரை, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வாடகை கட்டியிருந்தாலும் விதிமுறைப்படி வங்கி உடைத்துத் திறக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறையாவது போய்த் திறந்துவிட்டு வாருங்கள்.

வருமான வரி பற்றி அடிக்கடி காதில் விழும் 500 கிராம் கணக்கு வைத்திருப்பதற்கான உச்சவரம்பு இல்லை. சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500, மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994 மே மாதம் அதிகாரிகளுக்கு வந்த அறிவுறுத்தல் அது. பரம்பரையாக வந்தது என்று காட்ட முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருக்கலாம். பழைய சீர்ப்பட்டியலையும் ரசீதையும் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

10. அடுத்தவரிடம் ஒப்படைப்பது

யாருக்கு எது என்பதை, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே, எல்லாரும் இருக்கும் இடத்தில் பேசிவிடுவது நல்லது. பவுன் கணக்கில் சமமாகப் பிரித்தால் மனக்கணக்கில் சமமாகாது. ஒருத்திக்கு எடை குறைந்த பேசரிதான் வேண்டியிருக்கும், ஏனென்றால் பாட்டியை அவள் அந்தப் பேசரியோடுதான் பார்த்து வளர்ந்தாள். முதலில் ஒவ்வொருவரும் தனக்கு எது ஏன் வேண்டும் என்று சொல்லட்டும். எடை வித்தியாசத்தை வேறு பொன்னாலோ பணத்தாலோ பிறகு ஈடுகட்டலாம்.

செட்டாக உள்ளதைப் பிரிக்காதீர்கள். தோடு ஒருவருக்கு, அதன் மாட்டல் இன்னொருவருக்கு என்று போனால் இருவருமே அணிய மாட்டார்கள். பிரிக்கவே முடியாத ஒரு அட்டிகை இருந்தால் அதைப் பொதுவில் வைத்து, வீட்டுக் கல்யாணங்களுக்குச் சுற்றி வர விடலாம். அப்படிச் செய்தால் ஒருவர் பொறுப்பு எடுத்து, யார் எப்போது வாங்கினார்கள், எப்போது திருப்பினார்கள், எடை என்ன என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் சுற்றி வரும் நகை சில கல்யாணங்களிலேயே சண்டையில் முடியும்.

உயிலில் ‘என் பழைய அட்டிகை’ என்று எழுதாதீர்கள். நோட்டில் உள்ள எண், படம், எடை, கல் எண்ணிக்கை குறிப்பிட்டு எழுதுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

லாக்கருக்கு நாமினி போடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை ஒருவர் பின் ஒருவராகக் குறிப்பிடலாம். ஆனால் நாமினி என்பவர் திறந்து எடுத்துக்கொள்ள உரிமை பெற்றவர் மட்டுமே. உடைமை சட்டப்படி வாரிசுகளுக்கோ உயிலில் குறித்தவருக்கோதான் போகும். இது தெரியாமல் ‘நாமினி போட்டாச்சு’ என்று உயில் எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய.

ஒப்படைக்கும் நாளில் நகையோடு மூன்று பொருள் சேர்ந்து போக வேண்டும்: நோட்டின் நகல், படங்களும் குரல் பதிவும் உள்ள பென் டிரைவ், இந்த நகைக்குத் தண்ணீர் ஆகுமா ஆகாதா என்று பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு. சீட்டை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள், துணிக்கு அடியில் வைத்தால் யாரும் பார்ப்பதில்லை. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். முக்கியமான படங்களைக் கடையில் அச்சுப் போட்டு, பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி நோட்டிலேயே செருகி விடுங்கள்.